தாயைக் காட்டு!

மாட்டுச் சந்தைக்குப் போகிற குடியானவனைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கறவை வாங்குவதற்குள் அவன் தரகனைப் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பான். சுழி பார்ப்பான். மடியைத் தடவுவான். எத்தனையாவது ஈற்று, கன்று எங்கே, வேளைக்கு எவ்வளவு கறக்கும் என்று துருவித் துருவிக் கேட்பான். பெண் எடுக்கப் போகிறவர்கள் சங்கதியைச் சொல்லவே வேண்டாம். தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம் என்று பழமொழியே செய்து வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு விவரமான ஜனங்கள் வாழ்கிற நாட்டில்தான், படித்து, உத்தியோகம் பார்த்து, ஒழுங்காக வரி கட்டி, வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிற ஒரு குடும்பம் செல்போனில் ஒரு படத்தைப் பார்க்கிறது. பதினைந்தாயிரம் ரூபாயை முகம் தெரியாத ஓர் ஆசாமிக்கு அனுப்பி வைக்கிறது. பிறகு பஸ் நிலையத்தில் நின்று, ஓர் அட்டைப் பெட்டிக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிற உயிரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறது. இது யார் வயிற்றில் பிறந்தது, அவள் எங்கே, எப்படி இருக்கிறாள் என்ற கேள்வி ஒருவர் வாயிலும் வருவதில்லை.

நாய் வளர்ப்பவர்களைக் கேலி செய்வதற்காக நான் இதை எழுதவில்லை. அந்தக் குட்டியின் மேல் அவர்கள் வைக்கிற பிரியம் உண்மையான பிரியம்தான். தனக்கு இல்லாவிட்டாலும் அதற்குப் பால் வாங்குகிற தாத்தாக்களை நான் அறிவேன். அந்தப் பிரியத்தையே மூலதனமாகப் போட்டு ஒருவன் நடத்துகிற தொழிலைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

ஆங்கிலத்தில் அதற்குப் 'பப்பி மில்' என்று பெயர். பெயர் வைத்தவன் கெட்டிக்காரன். நெல் அரைக்க ஒரு மில், நூல் நூற்க ஒரு மில் என்பது போலக் குட்டி போட ஒரு மில். எந்த மில்லிலும் யந்திரம் ஓய்ந்து நின்றால் முதலாளிக்கு நஷ்டம். இங்கே யந்திரம் ஒரு பெட்டை நாய்.

பெட்டை நாய் சாதாரணமாக வருஷத்துக்கு இரண்டு தரம் பருவத்துக்கு வரும். சினை தங்கினால் சுமார் 63 நாள். பெற்று, பால் கொடுத்து, உடம்பு தேறுவதற்குள் அடுத்த பருவம் வந்து நிற்கும். மனசாட்சி உள்ளவன் அந்தப் பருவத்தை விட்டுவிடுவான். மில்காரன் விடமாட்டான். அவன் கணக்கில் ஓய்வு என்பது ஐந்தாறு குட்டிகளின் விலை. ஆகவே அவள் மறுபடி சினையாகிறாள், மறுபடி பெறுகிறாள், கண் திறந்து தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்த குட்டிகளை யாரோ வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள், மறுபடி சினை. இப்படியே ஆறு வருஷம், ஏழு வருஷம்.

எங்கே இருக்கிறாள்? நம் ஊரில் இதற்குப் பெரிய ஆலை ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை போதும். வீட்டுப் பின்புறம், வெளியே கேட்காத இடத்தில், நாலு கூண்டு போதும். கூண்டின் தரையும் கம்பி வலைதான்: மலமும் மூத்திரமும் தானாகக் கீழே விழுந்துவிட்டால் கழுவுகிற கூலி மிச்சமல்லவா? அந்தக் கம்பியில் வருஷக்கணக்காக நின்று நின்று அவள் பாதம் புண்ணாகிப் போகிறது. பல் சொத்தையாகி விழுகிறது. நகம் வளர்ந்து வளைந்து கொள்கிறது. மண்ணில் கால் வைத்திருக்கமாட்டாள். ஒருவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கமாட்டான். எதற்குப் பெயர்?

பிறகு ஒரு நாள் குட்டிகள் குறைகின்றன, அல்லது செத்துப் பிறக்கின்றன. அன்றைக்கு அவளுக்கு விடுதலை. புறவழிச் சாலையோரம், மடி தொங்கிப்போன ஒரு லாப்ரடார் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்பதை நீங்கள் என்றாவது பார்த்தால், வழி தவறிய நாய் என்று நினைத்துவிடாதீர்கள். பென்ஷன் இல்லாமல் ரிடையரான மில் தொழிலாளியாக இருக்கக்கூடும்.

இனி, பெட்டியில் வந்த குட்டியின் கதை. எட்டு வாரமாவது தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் அது இருக்க வேண்டும். கடிக்கிற பல்லை அடக்கிக்கொள்வது, அடங்கிப் போவது, பயப்படாமல் இருப்பது எல்லாம் அங்கேதான் படிகிறது. ஆனால் குட்டி சின்னதாக இருந்தால்தான் பார்க்கிறவர்களுக்கு ஆசை வருகிறது. ஆகவே முப்பது நாள் குட்டியை 'நாற்பத்தைந்து நாள் சார்' என்று கொடுத்துவிடுகிறார்கள். வந்த நாலாம் நாள் அது சாப்பிடமாட்டேன் என்கிறது. ஐந்தாம் நாள் வாந்தி. ஆறாம் நாள் ரத்தபேதி. 'பார்வோ' என்கிறார் டாக்டர். 1978 வாக்கில் உலகமெங்கும் பரவிய வைரஸ் நோய் அது. அழுக்கிலும் நெருக்கடியிலும் அதற்குக் கொண்டாட்டம். கிருமி உடம்பில் புகுந்து வெளியே தெரியச் சில நாட்கள் ஆகிறது. அதனால்தான் விற்கிற இடத்தில் துள்ளின குட்டி வாங்கின வீட்டில் சாகிறது. விற்றவனைக் கூப்பிட்டால் அவன் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: "என்ன சார் சாப்பிடக் கொடுத்தீங்க?"

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் எட்டு வயதுப் பெண் குழந்தை இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டது. தான் ஆசையாக ஊட்டிய பிஸ்கட்தான் கொன்றுவிட்டது என்று ஒரு மாதம் அது பிஸ்கட்டைத் தொடவில்லை. அந்த ஆசாமியோ பாதி விலைக்கு வேறு குட்டி தருவதாகப் பெரிய மனசோடு சொல்லியனுப்பினான்.

ஜாதி நாய் மோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆல்ப்ஸ் பனிமலையில் வேலை பார்த்த செயின்ட் பெர்னார்டையும், சைபீரியாவில் சறுக்கு வண்டி இழுத்த ஹஸ்கியையும் அக்கினி நட்சத்திரத்தில் வேலூரிலும் சென்னையிலும் வைத்துக்கொள்கிறோம். நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கிறது. நாய்க்கு அப்படி இல்லை, இரைத்து இரைத்துத்தான் அது சூட்டைத் தணிக்க வேண்டும். 2003-ல் ஹச் டெலிபோன் கம்பெனி ஒரு விளம்பரம் போட்டது: சிறுவன் பின்னால் எங்கும் போகிற ஒரு 'பக்' நாய். அழகான விளம்பரம்தான். உடனே நாடெங்கும் பக் வேண்டும் என்றார்கள். மூக்கு உள்ளே அமுங்கிப்போய் நன்றாக இரைக்கவும் முடியாத அந்த ஜீவனை எத்தனை கொட்டகைகள் எத்தனை தரம் ஈன வைத்தன என்பதற்கு யாரிடமும் கணக்கு இல்லை. அது தூக்கத்தில் விடுகிற குறட்டையைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். மூச்சு விடுவதற்கு அது படுகிற சிரமம் அது.

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. அதன் பிறப்பில் சென்னைக்குப் பெருமையும் உண்டு. கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணி தேவி அருண்டேல், ராஜ்ய சபையில் நியமன உறுப்பினராக இருந்தபோது பிராணிகள் வதைக்கு எதிராகத் தாமே ஒரு மசோதா கொண்டு வந்தார். சர்க்காரே கொண்டு வரும் என்று நேரு வாக்குக் கொடுத்தார். 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் பிராணிகள் நல வாரியம் சென்னையில் அமைந்து, அந்த அம்மையாரே அதன் முதல் தலைவரானார். ஆனால் அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிற அபராதம் என்ன தெரியுமா? கொடுமை செய்தவனுக்கு முதல் தடவை பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய்க்கு மிகாமல்! 1960-ல் ஐம்பது ரூபாய் ஒரு தொகை. இன்றைக்கு அது இரண்டு காபி. அந்த எண்ணை இன்னும் மாற்றவில்லை.

2017-ல் மத்திய சர்க்கார் நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் தனி விதிகள் வெளியிட்டது. படித்துப் பார்த்தால் நல்ல விதிகள்தான். மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் எவனும் இந்தத் தொழில் நடத்தக் கூடாது. பதினெட்டு மாதத்துக்கு முன்னும் எட்டு வயதுக்குப் பின்னும் பெட்டையை ஈன வைக்கக் கூடாது. அடுத்தடுத்த பருவங்களில் கூடாது. ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. இத்தனை 'கூடாது'களையும் எண்ணிப் பார்க்க எந்த அதிகாரி எந்த மொட்டை மாடிக்கு ஏறப் போகிறார்? கூண்டுக்குள் இருப்பவள் புகார் எழுதிப் போடமாட்டாள். சட்டத்துக்குக் கண் வேண்டும். அந்த இடத்துக்குப் போய் வரக்கூடிய கண் ஒன்றே ஒன்றுதான், வாங்குகிறவனுடைய கண்.

இந்த விஷயத்தை இங்கிலாந்துக்காரன் பிடித்துக்கொண்டான். லூசி என்று ஒரு சிறு ஸ்பேனியல். வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையில் வருஷக்கணக்காக ஈன்று ஈன்று, கூண்டிலேயே கிடந்ததில் இடுப்பு பிடித்துப்போய், 2013-ல் மீட்கப்பட்டது; 2016-ல் இறந்தது. அதன் பெயரால் கிளர்ச்சி செய்தார்கள், ஒரு மிருக வைத்தியர் முன்னின்று. 2020 ஏப்ரலில் 'லூசி சட்டம்' இங்கிலாந்தில் அமலுக்கு வந்தது. ஆறு மாதத்துக்குட்பட்ட நாய்க்குட்டியையும் பூனைக்குட்டியையும் இடைத்தரகன் விற்கக் கூடாது. வளர்ப்பவனிடம் நேரே போய், பிறந்த இடத்தில், தாயோடு பார்த்துத்தான் வாங்க வேண்டும். நம் குடியானவன் சந்தையில் செய்வதை அவர்கள் பார்லிமெண்டில் செய்தார்கள், அவ்வளவுதான்!

அமெரிக்காவைப் பார்த்துச் சட்டத்தை மட்டும் நம்பாமல் இருக்கக் கற்கலாம். அங்கே மிஸௌரி மாநிலத்தில் 2010-ல் ஜனங்களே ஓட்டுப் போட்டு, ஒருவன் ஐம்பது நாய்க்கு மேல் வைத்து ஈன வைக்கக் கூடாது என்று தீர்மானித்தார்கள். மறு வருஷமே சட்டசபை அந்த ஐம்பதை அடித்துவிட்டது. அந்த நாட்டு மத்திய விதிப்படி கூண்டின் அளவு நாயின் நீளத்துக்கு மேல் ஆறு அங்குலம் அதிகமாக இருந்தால் போதும். திரும்பிப் படுக்கலாம், வேறென்ன வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

"மனிதனே நடைபாதையில் படுத்துக் கிடக்கிறான், நாய்க்குப் பரிந்து பேசுகிறீரே!" என்று ஒரு கனவான் என்னிடம் சீறினார். நடைபாதைக்காரனுக்காக அவர் இதுவரை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்து நாய்க்குட்டி வாங்கினவர் அவர். ஏழையின் பெயரைச் சொல்லி இந்த வியாபாரியைக் காப்பாற்றுவதில் ஏழைக்கு என்ன லாபம்? இன்னொருவர், தெருவில் நாய்கள் பெருகிவிட்டனவே, அதை எழுதக் கூடாதா என்றார். 2025-ல் டில்லித் தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டுத் திருத்தவும் செய்தது. நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது. நல்லது. நாய்கள் அதிகம் என்று அலறுகிற அதே ஊரில், இன்னும் நாய்களை உற்பத்தி செய்யக் கொட்டகை எதற்கு? சென்னையில் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற காப்பகங்களுக்கு ஒரு தரம் போய்ப் பாருங்கள். வீடு தேடி உட்கார்ந்திருக்கிற நாய்களில் நீங்கள் விலை கொடுத்துத் தேடுகிற ஜாதி நாய்களும் இருக்கும்.

காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்பவர் மூன்று காரியம் கேட்கட்டும். பதிவு எண் எங்கே? குட்டிக்கு எட்டு வாரம் ஆயிற்றா? தாயைக் காட்டு, அவள் இருக்கிற இடத்தில் காட்டு. வம்சாவளிக் காகிதத்தை நீட்டினால் மயங்க வேண்டாம். தகப்பன் பாட்டன் பெயரெல்லாம் அதில் இருக்கும். தாய் எந்தக் கூண்டில் படுத்திருக்கிறாள் என்று இராது. "அது கிராமத்திலே இருக்கு சார்" என்று பதில் வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பரிதாபப்பட்டு அந்தக் குட்டியை வாங்கிக் காப்பாற்றுவதாக நினைக்கிறவர்கள், அதன் தாய்க்கு அடுத்த சினையை ஏற்பாடு செய்துவிட்டு வருகிறார்கள்.

கடைசியாக, நாட்டு நாய் அபிமானிகளுக்கு. சீமை நாய் வேண்டாம், ராஜபாளையம் வாங்குவோம், சிப்பிப்பாறை வாங்குவோம், கன்னி, கோம்பை வாங்குவோம் என்று இப்போது ஓர் உற்சாகம் கிளம்பியிருக்கிறது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் இவற்றின் பெயர்களைச் சொன்னதிலிருந்து கிராக்கி இன்னும் கூடிற்று. இந்த மண்ணின் வெயிலுக்கு ஏற்ற நாய்கள், சந்தேகமில்லை. ஆனால் சொந்த நாய் என்பதால் கூண்டுக் கம்பி மெத்தையாகிவிடுமா? பால் போன்ற வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்கும் வேண்டுமென்று ராஜபாளையத்தை உறவுக்குள்ளேயே கலந்து கலந்து, காது கேளாத குட்டிகள் பிறக்கின்றன. நாட்டு நாய்களைக் காப்பாற்றத் தமிழக சர்க்காரே 1980-81-ல் சைதாப்பேட்டையில் ஒரு பண்ணை வைத்தது. அங்கே நாய்கள் இருந்த நிலையைப் பார்த்து, 2016-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை மூடச் சொல்ல வேண்டி வந்தது. சர்க்கார் பண்ணைக்கே அந்த கதி என்றால், செல்போனில் படம் அனுப்புகிறவனின் கொட்டகையை ஒரு தரம் நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள் என்கிறேன். உள்ளே விடமாட்டேன் என்பான். வாசலில் நின்றால் வாசனை வரும்.