கல்லில் பட்ட பிளேடுக்கு வெல்டிங் வைக்கலாமா?

கேள்வி: தென்னந்தோப்பில் பிரஷ் கட்டர் வைத்துப் புல் வெட்டுகிறேன். 255 மி.மீ. மூன்று பல் பிளேடு கல்லில் பட்டு, நடுத்துளை ஓரத்தில் அரை அங்குலத்துக்கு விரிசல் விட்டிருக்கிறது. ‘வெல்டிங் வைத்தால் போதும்’ என்கிறார்கள் பட்டறையில். வைக்கலாமா?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வைக்கவே கூடாது. அந்த பிளேடை இன்றே கழற்றி, வேறு யாரும் எடுத்து மாட்டாதபடி இரண்டாக வெட்டிப் பழைய இரும்பில் போட்டுவிடுங்கள்.

முதல் காரணம், வேகம். முழு ஆக்ஸிலேட்டரில் பிளேடு நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். 255 மி.மீ. பிளேடின் நுனி அப்போது மணிக்கு 330 கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது. அந்த நுனியில் 1 கிராம் எடையுள்ள சில்லு இருந்தால், அதை வெளியே இழுக்கும் விசை 7 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். உடைந்த துண்டு காலணியையும் கால்சட்டையையும் கிழித்துக்கொண்டு போகும்.

இரண்டாவது, மோதல். தேங்காயை ஒரே உயரத்திலிருந்து மணலில் போட்டால் உடையாது. பாறையில் போட்டால் உடையும். மணல் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துகிறது, பாறை ஒரு நொடியில் நிறுத்துகிறது. நிற்கும் நேரம் குறையக் குறைய அடியின் பலம் கூடும். புல்லை வெட்டும்போது பிளேடுக்குத் தெரியாத அடி, கல்லில் பட்டதும் பல்லின் அடிப்பகுதியிலும் நடுத்துளையிலும் போய் இறங்குகிறது. விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பிறகு ஒவ்வொரு சிறு அடியிலும் அது கொஞ்சம் நீளும். ஒருநாள் புல்லில் ஓடும்போதே பிளேடு துண்டாகும்.

மூன்றாவது, வெல்டிங். பிளேடு, பதம் ஏற்றிய எஃகு. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் கெட்டு, பற்றை ஒட்டிய இடம் எளிதில் நொறுங்கும். பற்றின் எடை ஒரு பக்கமாகச் சேர்ந்தால் சமநிலையும் போய்விடும். நொடிக்கு நூறு முறைக்கு மேல் வரும் அந்த அதிர்வு கியர் ஹெட் பேரிங்கையும் உங்கள் கைகளையும் கெடுக்கும்.

இனி கல்லில் பட்டால் செய்ய வேண்டியவை:

• உடனே இன்ஜினை நிறுத்துங்கள். பிளேடு முழுவதும் நின்ற பிறகு, ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

• பிளேடைத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, மறுபடி நன்றாகத் துடைத்துச் சாக்பீஸ் பொடி தூவுங்கள். விரிசல் இருந்தால் பொடியில் ஈரக்கோடு தெரியும்.

• வளைந்த பிளேடைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தாதீர்கள்.

• நட்டு தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பெரும்பாலான கருவிகளில் இது இடது மரை. வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும்.

• ஓட்டும்போது திடீரென அதிர்வோ சத்தமோ மாறினால், ‘இந்த வரிசையை முடித்துவிடலாம்’ என்று நினைக்காமல் நிறுத்துங்கள்.

புல் சுற்றுகிறது என்று பாதுகாப்புத் தகட்டைக் கழற்றி வைப்பவர்கள் பலர். தெறிக்கும் கல்லுக்கும் உங்கள் காலுக்கும் நடுவில் இருப்பது அது ஒன்றுதான். முகக் கவசமும் பூட்ஸும் கட்டாயம். வேலை நடக்கும்போது 15 மீட்டருக்குள் ஆளோ மாடோ நிற்கக் கூடாது.

கேள்வி: கல் நிலத்துக்கு, இரும்புச் சங்கிலி கோத்த ஹெட் விற்கிறார்கள். கல்லில் பட்டாலும் உடையாதாமே?
– வாசகி, கரூர் மாவட்டம்

பதில்: வாங்காதீர்கள். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் கல்லில் அடிபடும். ஒன்று அறுந்தால் அது துப்பாக்கிக் குண்டு மாதிரி. 2010-ல் பிரிட்டனில் இப்படிக் கண்ணி கழன்று பறந்ததில் ஓர் உயிர் போனது. அதன் பிறகு, பல உலோகத் துண்டுகளைக் கோத்துச் செய்த ஹெட்டுகளைக் கையில் பிடித்து ஓட்டும் பிரஷ் கட்டர்களுக்கு விற்பதைத் தடை செய்யும்படி 2012 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் முடிவெடுத்தது.

கல் நிலத்துக்கு நைலான் கயிறு ஹெட்தான் சரி. கல்லில் பட்டால் கயிறு தேயும், அறும்; அவ்வளவுதான். அதிலும் கல் தெறிக்கும் என்பதால் கவசம் வேண்டும். தண்டு முற்றிய களை இருந்தால், முதலில் கற்களைப் பொறுக்கிவிட்டு பிளேடை மாட்டுங்கள். அரை நாள் கூலி போனாலும் பரவாயில்லை.