உயிரணுக்களின் ஊர்க்கட்டுப்பாடு



சமையலறைச் சல்லடையில் மாவு சலித்திருப்பீர்கள். ஓர் உயிரினத்தையே சலித்துப் பார்த்தவர் உண்டென்றால் நம்புவீர்களா?

1907ஆம் ஆண்டு, எச். வி. வில்சன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, உயிருள்ள கடற்பஞ்சு ஒன்றை மெல்லிய பட்டுத் துணியில் இட்டுப் பிழிந்தார். அது தனித்தனி உயிரணுக்களாகச் சிதைந்து, கலங்கல் நீராகக் கிண்ணத்தில் வீழ்ந்தது. அதோடு அதன் கதை முடிந்ததென்றுதானே எண்ணுவோம்? அவ்வுயிரணுக்களோ மெல்ல ஊர்ந்து, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, மீண்டும் சிறு சிறு கடற்பஞ்சுகளாக உருவெடுத்தன!

இதயமோ இரைப்பையோ நரம்போ இல்லாத எளிய பிராணி அது. நம் உடலின் ஏற்பாடு அத்தனை எளிதன்று. உயிரணுக்கள் கூடித் திசு; திசுக்கள் கூடி உறுப்பு; உறுப்புகள் கூடி மண்டலம். பள்ளிப் பிள்ளைகள் மனனம் செய்யும் பாடந்தான். ஆனால் இந்த ஏற்பாடு நிலைக்க, உயிரணுக்கள் கூடி வாழ்ந்தால் மட்டும் போதாது. உரிய வேளையில் மடியவும் வேண்டும்.

தாயின் கருவறையில் குழந்தையின் கை முதலில் துடுப்புப் போலத் தட்டையாகவே தோன்றுகிறது. விரல்களுக்கு இடையிலுள்ள உயிரணுக்கள் தாமாகவே மடிகின்றன. ஏறத்தாழ எட்டாவது வாரத்தில் விரல்கள் பிரிந்து நிற்கின்றன. இவ்வாறு மடிவதை மரபணுக்களே நடத்துகின்றன என்பதை ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவைக் கொண்டு கண்டறிந்த மூவருக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்புழு வளர்கையில் அதன் உடலில் தோன்றும் 1,090 உயிரணுக்களுள் 131 தவறாமல் மடிகின்றன. எவை எவை என்பதுகூட முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது!

மடியவேண்டிய உயிரணு மடிய மறுத்து, கட்டுக்கடங்காமல் பெருகினால்? அதுவே புற்றுநோய். வெளியிலிருந்து வந்த பகைவனல்லன். நம் சொந்த உயிரணுதான். தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதுமில்லை. வலி இல்லையே என்று மார்பிலுள்ள கட்டியை மறைத்து வைக்கும் பெண்களும், வாய்ப்புண்ணுக்குக் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்களும் நம் வீடுகளில் எத்தனை பேர்!

"நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குத்தானே" என்பார்கள். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்டது. மூன்று வாரத்துக்கு மேலும் ஆறாத புண், வாயினுள் வெண்படலம், காரம் பட்டால் தாங்காத எரிச்சல், வாயை முழுதும் திறக்க இயலாத இறுக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் உங்கள் வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இருந்தால், மருத்துவரிடம் நீங்களே உடன் அழைத்துச் செல்லுங்கள். தனியாகப் போகச் சொன்னால் போகமாட்டார்கள்.