பட்டறைக்கு வந்த பிள்ளை பாதியில் போவதேன்?

குன்றாண்டார்கோவிலுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். பாறையைக் குடைந்து ஒரு கோயில். அதன் முன்னே சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர் போல ஒரு கல் மண்டபம். பல நூற்றாண்டுகளுக்கு முன் உளி பிடித்தவர்களின் வேலை அது. அவர்கள் எந்த நிலையத்தில் பயிற்சி பெற்றார்கள்? தகப்பனிடம் மகன் கற்றான், அவ்வளவுதான். வித்தை சில வீடுகளுக்குள்ளேயே பூட்டிக் கிடந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஆசை இருந்தாலும் உளி கிடைக்காது.

அந்தப் பூட்டை உடைத்தவற்றுள் ஒன்று தொழிற்பயிற்சி நிலையம். 1950-ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் பிறந்தது. 1956-ல் நிலையங்களின் நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. இடையில் 1953-ல், அரை நேரம் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில் என்று ராஜாஜி சர்க்கார் ஒரு திட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு கொதித்து எழுந்தது. 1954-ல் காமராசர் சர்க்கார் அதைக் கைவிட்டது. மக்கள் எதிர்த்தது தொழிலை அல்ல. ஒருவன் தொழிலை அவன் பிறப்பு தீர்மானிப்பதைத்தான். இன்று எட்டாம் வகுப்புத் தேறியவன் வெல்டர் ஆகலாம். பத்தாம் வகுப்புத் தேறியவன் பிட்டர் ஆகலாம். யார் மகன் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

இவ்வளவு பாடுபட்டுத் திறந்த கதவு. அதற்குள் நுழைந்த பிள்ளைகளில் சிலர் பாதியிலேயே வெளியேறிவிடுகிறார்களே, ஏன்?

"படிப்பு ஏறாத பயல், சோம்பேறி" என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. சொல்வதற்கு எளிது, உண்மை அல்ல. இங்கே சோம்பேறியாக இருந்த அதே பையன் திருப்பூர் பனியன் கம்பெனியில் பொழுதெல்லாம் கால் கடுக்க நிற்கிறான். சோம்பேறி நிற்பானா? அங்கே சனிக்கிழமை கையில் காசு வருகிறது. தான் செய்த வேலை கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே இரண்டும் தெரியவில்லை. விஷயம் இதுதான்.

பிட்டர் பிரிவில் சேர்ந்தவனின் முதல் நாட்களைப் பாருங்கள். ஓர் இரும்புத் துண்டு, ஓர் அரம். "ராவு" என்கிறார் பயிற்றுநர். நாளெல்லாம் ராவுகிறான். எதற்கு என்று தெரியாது. முடிந்ததும் துண்டு குப்பைக்குப் போகிறது. நாமாக இருந்தாலும் ஓடிவிடுவோம், இல்லையா?

அதே வேலையை நல்ல பயிற்றுநர் வேறு மாதிரி கொடுப்பார். மூலமட்டத்தைத் துண்டின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்வார். இடுக்கில் ஒளி கசிகிறதா என்று பையனையே பார்க்கச் சொல்வார். வெர்னியரை அவன் கையில் கொடுத்து அவன் குறையை அவனையே அளக்க வைப்பார். அளந்தவன் வாத்தியார் திட்டுவார் என்பதற்காகத் திருத்தமாட்டான். தன் கண்ணுக்கே பொறுக்காமல் திருத்துவான். ராவிய துண்டு ஒரு கீலாகவோ பிடிப்பானாகவோ ஆகட்டும். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டட்டும். மறுநாள் அவன் வருவானா, மாட்டானா?

வெல்டருக்கும் இதே நியாயம்தான். கீரனூரைத் தாண்டி திருச்சிச் சாலையில் போனால் திருவெறும்பூர் வரை எட்டிவிடலாம். அங்கே கொதிகலன் செய்கிறது பெல் ஆலை. பற்றவைப்புக்கென்றே 1975-ல் ஓர் ஆராய்ச்சி நிலையமும் அங்கே எழுந்தது. கொதிகலன் குழாயின் பற்றில் ஒரு சிறு துளை இருந்தாலும் உயர் அழுத்த நீராவி அதைக் கிழித்துக்கொண்டு வரும். பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் உயிர் போகும். எனவேதான் பற்றை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். "நீ வைக்கிற பற்றை நம்பி நாளை ஒருவன் பக்கத்தில் நிற்பான்" என்று முதல் வாரமே சொல்லிப் பாருங்கள். "பரீட்சைக்கு வரும், எழுதிக்கொள்" என்பதைவிட அது எத்தனை மடங்கு வேலை செய்யும்!

நடக்கிற காரியமா என்று கேட்போருக்குப் புதுக்கோட்டை மாவட்டமே பதில் சொல்லியிருக்கிறது. 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. பகலெல்லாம் வயலிலும் குவாரியிலும் வெந்த பெண்கள் இரவில் சிலேட்டுப் பிடித்தார்கள். அவர்களை யார் அடித்து உட்கார வைத்தார்கள்? கற்பித்தவர்கள் தொண்டர்கள், கைச்செலவுக்குக் கூடக் காசில்லாதவர்கள். ஆனால் எழுத்தைக் கூலியோடும் கணக்கோடும் சேர்த்துச் சொன்னார்கள். பெண்கள் குழுக்கள் கல் குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தபோது, கணக்குப் படித்ததன் பயன் கைமேல் தெரிந்தது. பிறகு சைக்கிளும் பாடமாயிற்று. 1992 மகளிர் தினத்தை ஒட்டி 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிளில் வந்தார்கள். கற்றது அன்றைக்கே உதவினால் கற்பவர் தாமே வருவார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

உதவித்தொகை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2022-ல் புதுமைப் பெண், 2024-ல் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்கள் வந்தன. அரசுப் பள்ளியில் படித்துத் தொழிற்பயிற்சிக்கு வந்தவர்களும் அவற்றில் சேர்க்கப்பட்டார்கள். நல்ல காரியம். ஆனால் பணம் பிள்ளையை வாசல் வரை கொண்டுவரும். உள்ளே நிறுத்தி வைப்பது பயிற்றுநரின் சொல்லும் செயலும்தான். 2023-ல் புது இயந்திரங்களோடு தொழில் மையங்கள் பல நிலையங்களில் திறக்கப்பட்டன. இயந்திரத்துக்கு உறை போட்டு வைப்பதும், பிள்ளையின் கையில் கொடுப்பதும் பயிற்றுநரைப் பொறுத்ததே.

பழியை அவர் தலையில் மட்டும் போடுவதும் நியாயமல்ல. இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டினால் எந்தப் பிள்ளையின் முகத்தை அவர் பார்ப்பார்? காலியிடங்களை நிரப்ப வேண்டும். தற்காலிகமாக வைத்துக்கொண்டு தவிக்க விடக் கூடாது. ஆண்டுக்குச் சில வாரமாவது பயிற்றுநரை ஆலைக்கு அனுப்பிப் புது வேலையைக் கற்க வைக்க வேண்டும். இது சர்க்காரின் கடமை.

நமக்கும் கடமை இருக்கிறது, தோழர்களே. ஆலையில் வேலை பார்க்கும் தோழர், தாம் படித்த நிலையத்துக்கு ஒரு நாள் போய்ப் பிள்ளைகளோடு பேசட்டும். முதல் சம்பளத்தையும், முதலில் செய்த தவறையும் சொல்லட்டும். கிளைத் தோழர், தம் ஊரில் பாதியில் நின்ற பையனின் வீட்டுக்குப் போகட்டும். போனதும் புத்தி சொல்ல வேண்டாம். "ஏண்டா தம்பி நின்றாய்?" என்று கேட்கட்டும். பஸ் இல்லையா, வீட்டில் கடனா, வாத்தியார் சொன்ன ஒரு சொல்லா? பதில் கிடைத்ததும் அதைப் பயிற்றுநரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும்.

கல்லில் தேர் செய்த ஊர் அது. அந்த ஊர்ப் பிள்ளையின் கைக்குத் திறமை வராது என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். வேலையின் பொருளை அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். வேலையை அவன் பார்த்துக்கொள்வான்.