நெரிசலும் காத்திருப்பும்

மண்டபத்திற்கும் பாம்பனுக்கும் இடையே கடல்மேல் செல்லும் இருப்புப்பாதை ஒற்றைப் பாதையாகும். 1914ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பழைய பாலத்திலும் அவ்வாறே. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் திறக்கப்பெற்ற புதிய பாலத்திலும் அவ்வாறே. தீவிலிருந்து ஒரு வண்டி பாலத்தின்மீது வருமாயின், எதிர்வண்டி மண்டபத்திலேயே நிற்றல் வேண்டும். மண்டபம் நிலையத்தில் தண்டவாளங்களைப் பத்து மடங்கு பெருக்கினாலும், நிற்கும் வண்டிகள் மிகுமேயன்றிக் கடலைக் கடக்கும் வண்டிகள் மிகா. சிறுவரும் அறியும் இவ்வுண்மையைக் கணிப்பொறி வலையமைப்பை அமைத்தோர் நெடுங்காலம் மறந்திருந்தனர்.

கணிப்பொறி அனுப்பும் செய்தி சிறுசிறு பொதிகளாகப் பிரிந்து செல்லும். வழியிலுள்ள திசைவி என்னும் கருவி, பல திசையினின்றும் வரும் பொதிகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக விடுக்கும். வரிசை நிரம்பினால் பின்வரும் பொதி கைவிடப்படும். 1986ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திற்கும் அதனருகே ஏறத்தாழ 400 கஜத் தொலைவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்கும் இடையே பெரும் நெரிசல் நேர்ந்தது. நொடிக்கு 32,000 பிட் சென்ற வழியில் 40 பிட்டே சென்றது! வான் ஜேக்கப்சன் என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்து, பொதி இழக்கப்பட்டால் அனுப்பும் கணிப்பொறி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் முறையை வகுத்து, 1988இல் வெளியிட்டார். இழப்பே எச்சரிக்கையாயிற்று.

பின்னர் நினைவகத்தின் விலை மலிந்தது. ஒரு பொதியும் இழத்தலாகாது என்று கருதி, திசைவிகளில் மிகப் பெரிய காத்திருப்பிடங்களை அமைத்தனர். விளைவு யாது? எச்சரிக்கை உரிய காலத்தில் எட்டவில்லை. அனுப்புவோர் குறையாது அனுப்பினர். வரிசை எந்நேரமும் நிறைந்தே நின்றது. வீட்டில் ஒருவர் நீண்ட காணொளியை அனுப்பும் வேளையில், மற்றொருவர் தொலைவிலுள்ள மருத்துவரிடம் நோயைக் கூறுகிறார். அவர் சொற்கள் அப்பெருஞ்சுமையின் பின்னே நிற்கின்றன. மடல் அரை நொடி தாழ்ந்தால் கேடில்லை. பேச்சோ அரை நொடி தாழ்ந்தால் பேச்சாகாது.

2012ஆம் ஆண்டில் கேத்லீன் நிக்கல்ஸ் என்னும் அம்மையாரும் ஜேக்கப்சனும் வேறொரு முறையைக் கண்டனர். அது வரிசையின் நீளத்தை அளவாது. பொதி காத்திருக்கும் காலத்தையே அளக்கும். 5 மில்லி நொடிக்கு மேற்பட்ட காத்திருப்பு 100 மில்லி நொடியளவும் நீங்காது நிற்குமாயின், இடம் இருந்தும் ஒரு பொதியைக் கைவிடும். இடமிருக்க எறிதல் முறையோ என வினவுவார் உளர். முறையே. எறியப்பட்ட பொதியின் படி அனுப்பிய கணிப்பொறியில் உள்ளது, மீண்டும் வரும். மருத்துவர் கேளாமற்போன சொல்லுக்கு அத்தகைய படி இல்லை.

இம்முறை இன்று வீட்டுத் திசைவிகள் சிலவற்றிலும் உண்டு. இணைப்பின் வேகத்தைக் கூட்ட மிகுதிப்பணம் கட்ட முனைவோர், முதலில் இதனை இயக்கிப் பார்த்தல் வேண்டும்.