அந்த மெழுகுக் கட்டி பத்திரம்!

நுரையீரலில் புற்றுநோய் என்றதும் வீட்டில் எல்லோரும் கேட்பது, ‘எத்தனையாவது ஸ்டேஜ்?’ என்றுதான். ‘எந்த வகை?’ என்பதும் அதே அளவு முக்கியமான கேள்வி. அதற்குப் பதில் சொல்பவர், பெரும்பாலும் நோயாளி நேரில் பார்க்காத ஒரு டாக்டர்: பேத்தாலஜிஸ்ட்.

பயாப்ஸியில் எடுத்த துளி சதையை ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கல்லீரலில் உள்ள கட்டி அங்கேயே தோன்றியதா, நுரையீரலிலிருந்து பரவியதா என்பதையும் இப்படிக் கண்டுபிடிக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு.

2007-ல் ஜப்பானின் ஹிரோயுகி மனோ குழுவினர், நுரையீரல் புற்றுநோய் செல்லில் இரண்டு ஜீன்கள் தவறாக ஒட்டிக்கொள்வதைக் கண்டறிந்தார்கள். ‘ஏ.எல்.கே’ கோளாறு என்று இதைச் சொல்வார்கள். நான்கே வருடங்களில், 2011-ல், அதைக் குறிவைக்கும் க்ரிசோடினிப் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. 

நுரையீரல் புற்றுநோயாளிகள் 100 பேரில் சுமார் 3 முதல் 5 பேருக்குத்தான் இந்தக் கோளாறு இருக்கும். அவர்களில் பலர் புகையே பிடிக்காதவர்கள். அவர்களை அடையாளம் காட்டுவது, பெரும்பாலும் மெழுகில் இருக்கும் அந்தத் துளி சதைதான்.

அதனால் மருத்துவமனை மாறும்போது ரிப்போர்ட்டுடன் ‘பிளாக்’, ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள். பிளாக் மெழுகு என்பதால் வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள். அது தொலைந்தால், நோயாளிக்கு மறுபடியும் ஊசி குத்த வேண்டியிருக்கலாம்!