மழை விட்டும் தூவானம்

"மழை விட்டும் தூவானம் விடவில்லை" என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. இப்பழமொழியின் முழுப் பொருளையும் அறிய விரும்புவோர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பழைய லாண்ட் ரோவர் வண்டி ஒன்றில் மழை நாளில் ஏறிப் பார்க்க வேண்டும். வெளியே வானம் வெளுத்துவிடும். சூரியனும் தலை காட்டுவான். உள்ளே இருப்பவரின் பிடரியில் மட்டும் சொட்டுச் சொட்டாக ஜலம் இறங்கிக்கொண்டிருக்கும்!

இவ்வண்டி பிறந்த கதை சுவையானது. இரண்டாம் உலக யுத்தம் 1945-இல் முடிந்த பிறகு இங்கிலாந்தில் எஃகுக்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. அலுமினியமோ தாராளமாகக் கிடைத்தது. ரோவர் கம்பெனியின் இன்ஜினீயர் மாரிஸ் வில்க்ஸ் என்பவர், அமெரிக்க ஜீப்பை முன்மாதிரியாகக் கொண்டு, அடிச்சட்டத்தை எஃகிலும் மேற்கூட்டை அலுமினியக் கலவையிலும் அமைத்தார். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் இவ்வண்டி அரங்கேறியது. குடியானவனுக்காகப் பிறந்த வண்டியைப் பிரிட்டிஷ் சேனை விரைவிலேயே தனதாக்கிக்கொண்டது. ரேடியோக் கருவிகளைச் சுமப்பதும், காயமுற்றோரை ஏற்றிச் செல்வதும் இதன் ஊழியமாயின. அந்தப் பழைய வடிவத்தின் உற்பத்தி 2016 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆனால் வண்டிகள் நிற்கவில்லை. அவற்றின் ஒழுக்கும் நிற்கவில்லை.

அலுமினியம் துருப்பிடிக்காதே, ஜலம் எப்படி நுழைகிறது என்று கேட்கலாம். கூரை ஒரே தகடு அன்று என்பதே விடை. மேல்தகடும் அதைச் சுற்றியுள்ள நீர்வடி விளிம்பும் கூடுமிடத்தில் பசை வைத்து அடைத்திருப்பார்கள். கூரை முன்புறக் கண்ணாடிச் சட்டத்தோடு சேருமிடத்தில் ரப்பர்ப் பட்டை இருக்கும். போதாக்குறைக்கு, பட்டாளத்தார் ஏரியல் கம்பிக்கென்றும் விளக்குக்கென்றும் இட்ட துளைகள் வேறு. மேடு பள்ளங்களில் வண்டியின் கூடு முறுக்கிக்கொள்ளும்போது, கிழப்பருவம் எய்திய பசை வெடிக்கிறது, ரப்பர் சுருங்குகிறது. மயிரிழை அளவு வழி கிடைத்தால் ஜலத்துக்குப் போதாதா?

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். சொட்டும் இடத்தை உள்ளிருந்து பார்த்து, அங்கேயே பசையை அப்பிவிடுகிறார்கள். ஆனால் சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. பின்புறத்து விளிம்பில் நுழைந்த ஜலம், உட்புற மடிப்பு வழியே ஊர்ந்து வந்து ஓட்டுபவரின் தலைக்கு மேல் சொட்டக்கூடும். உள்ளே பூசிய பசை நீரைத் தடுப்பதில்லை, ஒளித்து வைக்கிறது. ஒளிந்திருக்கும் ஈரத்தில் எஃகும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், அலுமினியம் வெண்பொடியாய் அரிக்கப்படுகிறது. கீழே வடியும் ஜலமோ எஃகுப் பாகங்களைத் துருவாக்குகிறது. மின்சாரக் கம்பிகளையும் கெடுக்கிறது. வண்டியின் ஆயுளே இதனால் குறைகிறது.

ஆகவே முதலில் திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். கூரையின் உட்புறத்தை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். ஒருவர் விளக்குடன் உள்ளே அமரட்டும். மற்றொருவர் வெளியிலிருந்து ரப்பர்க் குழாயால் நீரை மெல்ல விடட்டும். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இணைப்பிலும் சில நிமிஷங்கள் நிதானிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் உச்சியில் கொட்டினால் எல்லா இடமும் நனைந்து, குற்றவாளி தப்பிவிடுவான்.

இடம் தெரிந்த பிறகு, பழைய பசையை வெளிப்புறத்தில் முற்றிலும் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, உலர்ந்த நாளில் பாலியூரிதேன் பசையை இட வேண்டும். அது காய்ந்த பின்னும் வளைந்து கொடுக்கும், வர்ணமும் ஏற்கும். வினிகர் வாடை வீசும் சிலிக்கோன் பசை வேண்டாம். அதன் அமிலம் உலோகத்தை அரிக்கும், வர்ணமும் அதன்மேல் ஒட்டாது. சுருங்கிய ரப்பர்ப் பட்டைக்குப் பசை மருந்தாகாது. புதிய பட்டையே போட வேண்டும். திருகாணிகளை ஒரே மூலையில் இறுக்காமல், எல்லாவற்றையும் சிறிது சிறிதாகச் சமமாக முடுக்க வேண்டும்.

ஒரு சந்தேகம் எஞ்சலாம். மழையே பெய்யாத குளிர் இரவிலும் கூரை நனைந்திருந்தால், அது ஒழுக்கு அன்று; உள்ளே உறங்கியவரின் மூச்சுக் காற்றே குளிர்ந்த தகட்டில் நீராகப் படிந்திருக்கிறது. அதற்குப் பசை தேவையில்லை. ஜன்னலைச் சற்றே திறந்து வைத்தால் போதும்.

ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைப்பவர் ஒவ்வொரு மழைக்கும் வைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நுழையும் இடத்தைத் தேடிச் செல்பவருக்கு ஒரு நாள் வேலை. பிறகு மழையின் சப்தத்தைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாக உறங்கலாம்.