பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம்

“விழுந்துருச்சாம்மா?”

2023 செப்டம்பரில் பேரையூரில் எங்கள் வங்கிக் கவுண்டருக்கு முன்னால் நின்ற பெண்கள் எல்லாருக்கும் இந்த ஒரே கேள்விதான். களை வெட்டிவிட்டு மண்ணு காயாத காலோடு வந்தவர்கள், நூறுநாள் வேலையிலிருந்து நேராக வந்தவர்கள், மஞ்சப்பைக்குள் பாலிதீன் கவரு, அதுக்குள்ள பாஸ்புக்கு. அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, முதல் மாதம். தமிழ்நாடு முழுக்க 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேல் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபா.

எங்கள் காலனியைச் சேர்ந்த ஒரு அம்மாச்சி பாஸ்புக்கை நீட்டினார். பதிந்து கொடுத்தேன். நகரவில்லை.

“எம்பேர்லதான விழுந்திருக்கு?”

“ஒங்க பேர்லதான் அம்மாச்சி.”

“எம்பேர ஒருக்கா வாசி தாயி.”

வாசித்தேன். அறுபது வருசத்தில் எந்தக் கூலியும் அவர் பேரைச் சொல்லி அவர் கைக்கு வந்ததில்லை. புஞ்சைக்காரர் புருசன் கையில் கொடுப்பார். இல்லாவிட்டால் ‘ஏ இவளே’ என்று கூப்பிட்டு மடியில் போடுவார். நான் கவிதை எழுதுகிறவள். ஒரு பெயரை உரக்க வாசித்தாலே ஒருத்திக்கு முதுகு நிமிரும் என்பதை அன்றைக்கு அந்தக் கவுண்டரில்தான் கண்டேன்.

அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘ஓசிக் காசு’, ‘இலவசம் கொடுத்துக் கெடுக்கிறாங்க’ என்று டீக்கடையில் பேசுகிற கூட்டத்தில் நான் இல்லை. வீட்டு வேலைக்கும் காட்டு வேலைக்கும் கூலி எழுதாத சமூகம் ஒரு பெண்ணுக்கு ஆயிரம் ரூபாயைக் கடனாகக்கூடத் திருப்பித் தந்ததில்லை. அதை ‘உதவி’ என்று சொல்லாமல் ‘உரிமை’ என்று பெயர் வைத்தது நல்ல காரியம். என் சண்டை அந்தப் பெயரை வைத்துத்தான். உரிமை என்றால், யாருடைய பணத்தில் யாருக்கு உரிமை?

முதல் மாதமே ஒரு கூத்து நடந்தது. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பல பெண்களின் கணக்கில் விழுந்த ஆயிரத்தில் வங்கிகள் கை வைத்தன. நான் வேலை பார்க்கிற வங்கியும் வைத்தது. கம்ப்யூட்டர் தானாகப் பிடித்துக்கொள்கிறது, நாங்க என்ன செய்ய என்று மேலே கை காட்டினோம். கோபம் கிளம்பி, இந்தப் பணத்தில் பிடிக்கக் கூடாது என்று அரசு வங்கிகளை எச்சரித்தது. சரி, அந்தப் பற்று பாஸ்புக்கில் தெரிந்தது, கேட்டோம், பேசினோம். பாஸ்புக்கில் தெரியாத பற்று ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

2023-24 பட்ஜெட்டில் உரிமைத் தொகைக்கு ஒதுக்கியது 7,000 கோடி. அதில் 1,540 கோடியை ஆதிதிராவிடர் துணைத் திட்ட நிதியில் கணக்கு வைத்தார்கள். அதே ஜூலையில் செய்தி வெளியாகி, தேசிய தாழ்த்தப்பட்டோர் ஆணையம் தமிழக அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அரசுத் தரப்பு சொன்ன பதில்: இந்தப் பணம் வேறு யாருக்கும் போகவில்லை, ஆதிதிராவிடப் பெண்களுக்குத்தான் போகிறது, ஆகவே தவறில்லை.

கேட்பதற்கு நியாயம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் நான் கணக்குப் பிள்ளை. பற்று வரவு எழுதிப் பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்தத் துணைத் திட்டம் எதற்கு வந்தது? 1979-80 வாக்கில் ‘சிறப்புக் கூறு திட்டம்’ என்ற பெயரில் வந்தது. காரணம் ஒன்றே ஒன்று. பொதுத் திட்டம் என்று போட்ட பணம் எல்லாம் ஊரோடு நின்றது, சேரிக்கு வரவில்லை. ரோடு ஊர் எல்லையில் முடிந்தது, குழாய் ஊர்த் தெருவில் முடிந்தது. ஆகவே மக்கள்தொகையில் தலித்துகள் எத்தனை பங்கோ, திட்டப் பணத்திலும் அத்தனை பங்கைத் தனியே எடுத்துவைத்து, இந்த இடைவெளியை மூடச் செலவழிக்க வேண்டும் என்று சொன்னார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எங்கள் பங்கு 20 சதவீதம். பொதுவில் கிடைப்பதற்கு மேல், கிடைக்காமல் போனதற்காக வைத்த பணம் அது.

இப்போது இரண்டு பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்த் தெருவில் ஒரு அக்கா, காலனியில் எங்கள் அம்மாச்சி. இரண்டு பேருக்கும் ஆயிரம். ஊர்த் தெரு அக்காவுக்குப் பொதுக் கஜானாவிலிருந்து வருகிறது. அவருக்கென்று வைத்திருந்த வேறெதுவும் இதனால் குறையவில்லை. அம்மாச்சிக்கு அவர் பேத்தியின் விடுதிக்கும், அவர் தெரு மயானப் பாதைக்கும், அவர் பேரில் வரவேண்டிய நிலத்துக்கும் வைத்திருந்த பங்கிலிருந்து வருகிறது. அக்காவுக்கு வரவு மட்டும். அம்மாச்சிக்கு வரவும் உண்டு, பற்றும் உண்டு. பெண்ணாக வரவு வைத்து, தலித்தாகப் பற்று எழுதுகிறார்கள். எங்கள் பானையில் மோந்து எங்களுக்கே ஊத்திவிட்டு, தண்ணி கொடுத்தோம் என்றால் எப்படி?

‘பெண்கள் எல்லாரும் ஒன்றுதானே, இதிலும் சாதியா?’ என்று கேட்கிற தோழிகள் இருக்கிறார்கள். நாங்கள் கொண்டுவரவில்லை அம்மா, கஜானாப் பேரேடு கொண்டுவந்தது. பயனாளிகளை எண்ணும்போது எல்லாரும் ‘மகளிர்’. செலவுக் கணக்கு எழுதும்போது மட்டும் நாங்கள் ‘ஆதிதிராவிடர்’.

பெண் விடுதலையில் இந்த மண்ணுக்குப் பெருமை உண்டு, மறுக்கவில்லை. 1929 இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 60 வருசம் கழித்து 1989 இல் அது சட்டமானது. தகப்பன் வழிச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு. இந்தியா முழுமைக்கும் வர 2005 ஆயிற்று. நல்லது. ஆனால் அப்பனுக்கே ஒரு சென்ட் நிலமில்லாத வீட்டில் மகளுக்கு எதில் சம பங்கு? அண்ணன் தம்பியோடு சரிசமமாக ஒன்றுமில்லாததைப் பங்கு பிரித்துக்கொண்டோம். தலித் பெண்ணுக்குச் சொத்துரிமை என்பது வாரிசுச் சட்டத்தில் ஆரம்பிப்பதில்லை. நிலம் கைக்கு வருவதில் ஆரம்பிக்கிறது.

அதற்கும் ஒரு திட்டம் இருக்கத்தான் செய்தது. அதே 2023-24 பட்ஜெட்டில் தாட்கோ மூலமாக ‘நன்னிலம் மகளிர் நிலவுடைமைத் திட்டம்’. நிலமில்லாத ஆதிதிராவிட, பழங்குடிப் பெண் விவசாயக் கூலிகள் நிலம் வாங்கப் பாதி விலை மானியம், அதிகபட்சம் 5 லட்சம், பத்திரச் செலவும் கிடையாது. படித்ததும் சந்தோசப்பட்டேன். பிறகு தொகையைப் பார்த்தேன். 10 கோடி. ஆளுக்கு 5 லட்சம் என்று வகுத்தால் 200 பேர். மாநிலம் முழுக்க 200 பேர்!

இன்னொரு கணக்கும் போட்டேன். உரிமைத் தொகைக்கு எழுதிய அந்த 1,540 கோடியை இதே 5 லட்சத்தால் வகுத்தால் 30,800 பெண்கள். 30,800 பட்டா. 200 எங்கே, 30,800 எங்கே?

ஏன் இப்படி? காரணம் ரொம்ப எளிது. ஆயிரம் ரூபாயை ஒரு பட்டனை அழுத்தி அனுப்பிவிடலாம். அதற்காக ஊரில் யாரும் எதையும் விட்டுத்தர வேண்டியதில்லை. நிலம் அப்படியில்லை. தாட்கோ விதிப்படியே நிலத்தைத் தலித் அல்லாதவரிடமிருந்துதான் வாங்க வேண்டும். அதாவது சாதி இந்து ஒருவர் தன் புஞ்சையை ஒரு காலனிப் பொம்பளைக்கு எழுதிக்கொடுக்கச் சம்மதிக்க வேண்டும். அங்கேதான் எல்லாத் திட்டமும் முக்காடு போட்டு உட்கார்ந்துவிடுகிறது.

நாற்காலியும் இப்படித்தான். எங்களுக்குப் பக்கத்தில் உசிலம்பட்டி வட்டாரத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். 1996 இல் தலித்துகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்கு ஒழுங்காகத் தேர்தல் நடக்க 2006 வரை ஆயிற்று. பத்து வருசம். சட்டம் கொடுத்த நாற்காலியை ஊர் விட்டுத்தரவில்லை. உள்ளாட்சியில் பெண்களுக்கு 33 சதவீதம் 2016 இல் 50 சதவீதம் ஆனது. தலித் பெண்கள் நிறையப் பேர் தலைவர்களாக வந்தார்கள். 2020 இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்காரவைத்த படத்தை நாடே பார்த்தது. அதே வருசம் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் தலைவர் சுதந்திர தினத்தன்று கொடி ஏற்றவிடாமல் தடுக்கப்பட்டார். அப்புறம் கலெக்டர் வந்து நின்றபிறகுதான் ஏற்றினார். பதவி உண்டு, நாற்காலி இல்லை. யாரிடமிருந்தும் எதையும் பிடுங்காமல் தரக்கூடியது தொகை. ஒருவர் விட்டுக்கொடுத்தால்தான் கிடைப்பது உரிமை. தொகைக்கு உரிமை என்று பெயர் வைத்தவர்கள், உரிமை என்று வரும்போது ஊரைப் பார்த்துப் பின்வாங்குகிறார்கள்.

2024 ஜூனில் ஆதிதிராவிடர் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பல வருசமாக இயக்கங்கள் கேட்டது. அந்தச் சட்டத்தை வைத்து நாம் கேட்கவேண்டியது மூன்று. ஒன்று, எல்லாப் பெண்களுக்கும் கொடுக்கிற தொகையை எல்லாருக்குமான பொதுப்பணத்திலிருந்தே கொடு; எங்கள் பங்கில் எழுதாதே. இரண்டு, எங்கள் பங்கிலிருந்து எந்தெந்தத் திட்டத்துக்கு எவ்வளவு எழுதினாய் என்று ஒவ்வொரு வருசமும் ஊராட்சிவாரியாக, தமிழில், கிராமசபையில் வாசி. மூன்று, அந்தப் பங்கில் பெரும்பகுதியைப் பெண்கள் பெயரில் நிலமாக மாற்று. விற்க ஆளில்லை என்றால் அரசே வாங்கிக் கொடு. மீதிப் பாதிக்குக் கடன் தரும் வங்கி, நிலமில்லாதவளிடம் நிலத்தை ஜாமீன் கேட்கக்கூடாது என்று உத்தரவு போடு. கேட்கிற மேசைக்குப் பக்கத்து மேசையில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன், தெரிந்துதான் சொல்கிறேன்.

கொஞ்ச மாதம் கழித்து அம்மாச்சி மறுபடி வந்தார். பதிந்து கொடுத்தேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

“ஏந் தாயி, ஒரு குறுக்கம் புஞ்ச வாங்க இங்க லோன் குடுப்பீகளா?”

“யாரு விக்கிறா அம்மாச்சி?”

கொஞ்ச நேரம் யோசித்தார். பாஸ்புக்கைக் கவருக்குள் சுருட்டி வைத்தார். “அதான, எவன் நமக்கு விப்பான்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அவர் பெயரை ஒரு தடவை பாஸ்புக்கில் வாசித்துக்காட்டினேன். பட்டாவில் வாசித்துக்காட்ட வேண்டியது அரசாங்கம். வாசிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டியது நாம்.